ஆவணிக் கலியாணமும் மலைநாட்டு ரோசாவும்: வன்னியில் பூ வேலை செய்கிறவர்களுக்கு

வன்னியில் பூ அலங்கார வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஒரு மணவறைக்கு எவ்வளவு உழைக்கலாம்?" என்றுதான். எவ்வளவு கையைவிட்டுப் போகலாம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் அதைச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. 2024 ஆவணியில் ஒரே ஒரு கலியாணத்தில் 28,000 ரூபாய் நட்டப்பட்டு, சங்கிலியையும் அடகு வைத்து, கொஞ்சக் காலம் பூவென்றாலே வெறுத்துப்போய் இருந்தேன். அந்தக் கதையை எழுதுகிறேன், நடுநடுவே தொழில் விசயமும் வரும்.

நான் கிளிநொச்சிக்காரி. கடை என்று ஒன்றும் இல்லை, வீட்டு முற்றமும் ஒரு தகரக் கொட்டகையும்தான். சின்ன வயதிலிருந்தே பூவென்றால் ஒரு விசர். விடியப்புறம் எழும்பினால் தேத்தண்ணிக்கு முதல் வேலியோரம் போய் எது பூத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. மல்லிகை மொட்டில் ஒரு பதம் உண்டு. பச்சை முழுக்கப் போய் வெள்ளை ஏறியிருக்கும், ஆனால் நுனி இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும். அந்தப் பதத்தில் வெயில் ஏறுவதற்குள் பறித்து, நனைத்துப் பிழிந்த பழைய சீலைத் துணியில் சுற்றி, வாழையிலைக்குள் மடித்து நிழலில் வைத்தால், பின்னேரம் மாலை கட்டிக்கொண்டிருக்கும்போது கைக்குள்ளேயே ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். அந்த மணத்துக்காகவே இந்த வேலையை விடாமல் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயில் மாலை, சாமத்திய வீடு, பிறந்தநாள், செத்தவீட்டு மலர்வளையம் எல்லாம் செய்கிறேன். உண்மையைச் சொன்னால் என் வீட்டு அடுப்பு எரிவது மலர்வளையத்தால்தான். கலியாண வீட்டார் மாதக்கணக்கில் பேரம் பேசுவார்கள், செத்தவீட்டுக்காரர் சொன்ன காசைக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். சொல்ல மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

வன்னியில் பூவுக்கென்று தனிக் கலண்டர் இருக்கிறது. தை, மாசியில் மழை ஓய்ந்து இரவில் பனி விழும். மேரிகோல்டும் சினியாவும் அப்போதுதான் நிறம் கொட்டும். பெரும்போக அறுவடையும் அந்த நேரத்தில்தான் என்பதால் நெற்கதிருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, கேட்டால் வயற்காரரே ஒரு பிடி வெட்டித் தருவார். பங்குனி, சித்திரையில் மல்லிகை. சித்திரை கடைசியில் கொன்றை மஞ்சளாய்த் தொங்கும். பார்க்க அத்தனை வடிவு, ஆனால் வெட்டிய அன்றே உதிரத் தொடங்கிவிடும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தால் முல்லைத்தீவுப் பக்கத்துப் பூவெல்லாம் கோயிலுக்குத்தான், வேறு ஓடர் எடுத்தால் பூவுக்கு அலைய வேண்டும். பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. ஆனியிலிருந்து ஆவணி கடக்கும்வரை வெயிலும் காற்றும் சேர்ந்து இலையின் ஓரத்தைக் கருக்கிவிடும். அந்த நாட்களில் முகம் வாடாமல் நிற்பவை போகன்வில்லா, அலரி, தேமா, எக்ஸோரா, நித்தியகல்யாணி. குளத்தில் தண்ணீர் நின்றால் தாமரையும் உண்டு. ஐப்பசியில் மழை இறங்கியதும் வேலிகளில் கார்த்திகைப் பூ ஏறும். அதை நான் கலியாண மேடைக்கு வைப்பதில்லை. அது மாவீரர் நினைவுப் பூ, இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதன் கிழங்கு கடும் நஞ்சு என்பதை மட்டும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் நினைவில் வைத்திருங்கள்.

ஆடியில் கலியாணம் வைக்கமாட்டார்கள். அது முடிந்ததும் ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும். ஆக, ஓடர்கள் குவிகிற மாதமும் பூவைச் சுடுகிற மாதமும் எங்களுக்கு ஒன்றுதான். நட்டப்பட்ட ஓடரும் அந்த மாதத்தில்தான் வந்தது.

பெண் வீடு புதுக்குடியிருப்பு. மாப்பிள்ளை வெளிநாடு, அலங்கார விசயம் முழுக்க அவருடைய அக்காவின் கையில். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சுவர் முழுக்க மங்கிய பிங் ரோசா, இடையிடையே வெள்ளை ஓர்கிட், கீழே கார்னேஷன். படத்தில் நின்ற விருந்தாளிகள் எல்லோரும் கோட் போட்டிருந்தார்கள். அதைக் காட்டித்தான் நான் கதைக்கத் தொடங்கினேன்: "அக்கா, இது குளிர்நாட்டுப் படம். இங்கே ஆவணியில் மத்தியானம் 35 பாகை வெயில். பாதி எங்கட பூவில் செய்வோமே." அவர் கேட்கவில்லை. "தங்கச்சி, காசு பிரச்சினை இல்லை. படத்தில இருக்கிற மாதிரி வேணும்." 180,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். 60,000 முற்பணம், மிச்சம் கலியாணம் முடிந்த கையோடு. எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். எங்கள் ஊரில் தெரிந்த குடும்பத்திடம் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொள்வார்கள்.

அதற்கு முந்திய வருடங்களில் ஓர்கிட், அந்தூரியம் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் எடுப்பேன். இரவுக் குளிரில் வந்து விடியக் கிளிநொச்சியில் இறங்கும், பூவுக்குக் களைப்பே தெரியாது. 2024 ஜனவரியில் மாகோ, அனுராதபுரம் இடையில் பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டு, கொழும்பு ரயில் நின்றுபோனது. அதனால் ஓர்கிட், அந்தூரியத்தையும் சேர்த்து முழு ஓடரையும் மலைநாட்டு வியாபாரி ஒருவரிடமே கொடுத்தேன். முழுக் காசும் வங்கியில் விழுந்தால்தான் பூ வெட்டுவோம் என்றார்கள். 72,000 ரூபாய் போட்டேன். கலியாணத்துக்கு முதல்நாள் விடிய பஸ்ஸில் பெட்டிகள் வர வேண்டும்.

வரவில்லை. பஸ் வழியில் பழுதாகி, பெட்டிகளை வேறு பஸ்ஸுக்கு மாற்றி, அது வவுனியாவில் நின்று நின்று வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரமும் கடந்துதான் கரடிப்போக்குச் சந்தியில் இறக்கினார்கள். இரண்டு பெட்டி எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, தொட்டால் சுட்டது. மற்றவை வாழைக்குலைகளோடும் மாம்பழக் கூடைகளோடும் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. கொட்டகைக்குக் கொண்டுபோய் முதற்பெட்டியைத் திறந்தபோது ஆவிதான் முகத்தில் அடித்தது. ரோசாக்களின் கழுத்து எல்லாம் தொங்கிவிட்டது, வெளியிதழின் ஓரம் தேத்தண்ணி நிறம். கார்னேஷன் இதழைச் சுருக்கி மூடிக்கொண்டிருந்தது. ஓர்கிட் தண்டைத் தூக்கினால் பூ தனியாக, தண்டு தனியாக வந்தது. அந்தூரியப் பெட்டிக்குள் யாரோ நல்ல மனசோடு ஐஸ் பொதி வைத்திருக்கிறார்கள், பொதி பட்ட இடமெல்லாம் கறுப்பு. வியாபாரிக்குக் கோல் எடுத்தால், "நாங்க நல்லா தாம்மா அனுப்புனோம், பஸ்காரங்கள கேளுங்க." பஸ்காரரைக் கேட்டால், "பூவுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் போன் எடுக்கவில்லை. கொட்டகைத் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பக்கத்தில் உதவிக்கு வந்த இரண்டு பிள்ளைகள், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, ஒவ்வொரு பூவுக்கும் என்ன நடந்தது என்று சொல்கிறேன், பிறகு படித்துத்தான் எனக்கே விளங்கியது. ரோசா, கார்னேஷன் குளிர்ப் பிறவிகள், 2 முதல் 4 பாகை செல்சியஸில் சுகமாக இருக்கும். அந்தூரியமும் ஓர்கிட்டும் வெப்பநாட்டுப் பூக்கள், 12 பாகைக்குக் கீழே கொண்டுபோனால் கறுத்துவிடும். ஆகவே இரண்டு வகையையும் ஒரே மாதிரிப் பொதி செய்யச் சொல்லாதீர்கள், ஐஸ் பொதியை அந்தூரியத்தின் பக்கமே விடாதீர்கள். பழுக்கிற வாழையும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பட்டால் கார்னேஷன் மூடிக்கொள்ளும், ஓர்கிட் உதிரும். எங்கள் வீடுகளில் கலியாணத்துக்கென்று குலைகளை அடுக்கி வைக்கும் அறையில்தான் பூவையும் வைப்பார்கள், அதையும் மாற்ற வேண்டும். ரோசா கழுத்துத் தொங்குவது, வெட்டின தண்டுக்குள் காற்றுப் புகுந்து தண்ணீர் ஏறாமல் போவதால். அதற்கு மட்டும் மருந்து உண்டு. தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே சரிவாக ஒரு விரற்கடை வெட்டி, பூவோடு முழு ரோசாவையும் தொட்டித் தண்ணீரில் படுக்க வைத்து ஒரு மணித்தியாலம் விட வேண்டும். பிறகு எடுத்து, தலை நிமிர்ந்து நிற்கும்படி பேப்பரில் இறுக்கிச் சுற்றி வாளியில் நிறுத்த வேண்டும். அன்று இரவு அப்படிச் செய்து ரோசாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காப்பாற்றினேன். மற்றவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சுவர் முழுக்கப் பூ என்ற கதை அத்தோடு முடிந்தது. இரவு எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் அக்காவுக்குப் படமும் எடுத்து, நடந்ததையும் சொல்லி அனுப்பினேன். நீல நிறச் சரி விழுந்தது, பதில் வரவில்லை. பெண்ணின் அம்மா மட்டும் கோல் எடுத்தார். "பிள்ளை, உன்னால ஏலுமானதைச் செய். சபை குறையாமல் இருந்தால் காணும்." அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் அன்றிரவு போனை நிறுத்திவிட்டுப் படுத்திருப்பேன்.

பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். தெரிந்த வீடுகளில் படலையைத் தட்டி வெள்ளைப் போகன்வில்லாவும் நந்தியாவட்டையும் கேட்டு வாங்கினோம். உருத்திரபுரத்தில் ஒரு ஐயா இரண்டு தென்னையில் ஏறிப் பாளை இறக்கித் தந்தார், குருத்தோலையும் தந்தார். தாமரைக்கு விடியும்வரை காத்திருந்து, வழக்கமாகத் தோணியில் போகிற மீன்பிடிகாரரைத்தான் அனுப்பினேன். நீங்களாக ஒருபோதும் குளத்தில் இறங்காதீர்கள். எங்கள் குளங்களில் முதலை உண்டு, விடியப்புறக் குளக்கரையில் யானையும் நிற்கும். தாமரையை மொட்டாகத்தான் எடுக்க வேண்டும். வெட்டின மொட்டுத் தானாக விரியும் என்று காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள், அது அப்படியே கறுக்கும். மண்டபத்தில் வைத்து வெளியிதழிலிருந்து ஒவ்வொன்றாக உள்நோக்கி முக்கோணமாய் மடித்துவிட வேண்டும், பெரகெரா ஊர்வலத்துக்கும் விகாரைக்கும் மடிப்பார்களே, அதே மடிப்பு. அதுவரை ஈரத் துணி சுற்றித் தண்ணீரில் நிற்கட்டும்.

மேடைக்கு ஒயாசிஸ் கட்டிகள், அதாவது தண்ணீரில் ஊறவைத்துப் பூக் குத்தும் நுரைக்கட்டிகள், போதவில்லை. வாழைக்குற்றியை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி அடுக்கி, இரும்புக் கம்பியால் துளை போட்டுப் பூவைக் குத்தினோம். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: வாழைக்குற்றி எங்கள் வெயிலுக்கு ஒயாசிஸை விட நல்லது. உள்ளே ஈரம் நிற்கும், தூக்க மட்டும்தான் பாரம். ஒயாசிஸ் பாவிப்பதென்றால் தண்ணீரில் போட்டுத் தானாக அமிழ விடுங்கள். கையால் அமுக்கினால் நடுவில் காற்று நின்று, மேலே ஈரமாகத் தெரிய உள்ளே தண்டு காய்ந்துபோகும். ஒருமுறை காய்ந்த கட்டி மறுபடி தண்ணீர் குடிக்காது, மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அலரி வைக்கும்போது அதன் பால் நஞ்சு என்பதால் கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது, சாப்பாட்டுப் பந்திப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

மணவறை நன்றாகத்தான் வந்தது. இரு பக்கமும் விரிந்த தென்னம்பாளை, பின்னால் குருத்தோலைப் பின்னல், மடித்த தாமரை வரிசை, நடுவில் மட்டும் காப்பாற்றிய பிங் ரோசா. கிழவிகள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஐயர் "அசலான மணவறை" என்றார். மாப்பிள்ளையின் அக்கா வந்தார், ஒரு சுற்றுப் பார்த்தார், "இதுக்கா 180,000?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது, ஆனால் தாலி கட்டும் வீட்டில் நின்று சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் 120,000 வர வேண்டிய இடத்தில், பெண்ணின் அம்மா இரண்டு கிழமை கழித்து 40,000 கொண்டுவந்து தந்தார். அதுவும் அவர் சொந்தக் காசாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கணக்கைச் சொல்கிறேன். மலைநாட்டுப் பூ 72,000, பஸ் கூலி 5,000, ஒயாசிஸும் துணி வாடகையும் 16,000, உதவிக்கு வந்த பிள்ளைகளுக்கு 12,000, இரவெல்லாம் ஓடின பட்டாவுக்கு 14,000, தாமரை, பாளை, வாழைக்கு 9,000. மொத்தம் 128,000. கைக்கு வந்தது 100,000. என் உழைப்பை இதில் சேர்க்கவில்லை. பிள்ளைகளின் கூலியை நிறுத்தி வைக்க மனம் இல்லாமல் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தேன். மலைநாட்டு வியாபாரி ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. ரசீதிலோ பூவின் தரம், வந்துசேர வேண்டிய நேரம் என்று எதுவும் எழுதப்படவில்லை, முறைப்பாடு செய்ய நினைத்தாலும் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

இப்போது ஓடர் எடுத்தால் ஒரு பக்கக் கடதாசி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறோம். அவமானம் என்று நினைப்பவர்களிடம், "அன்ரி, இது உங்களுக்காக இல்லை, பஸ்காரருக்காக" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே வைத்துவிடுகிறார்கள். அதில் நான் விடாமல் எழுதும் விசயங்கள் இவை. வெளியூர்ப் பூவின் முழு விலையும் முற்பணமாகவே வர வேண்டும். மிச்சக் காசு மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் கைக்கு வர வேண்டும், சாப்பாடு முடிந்த பிறகு அலங்காரக்காரியை யாரும் தேடமாட்டார்கள். சொன்ன பூ வராவிட்டால் அதே நிறத்தில் உள்ளூர்ப் பூ வைக்கப்படும், அதற்கு இன்ன விலை. யார் கையெழுத்து வைக்கிறாரோ அவரே முடிவெடுப்பவர், வெளிநாட்டிலிருந்து படம் அனுப்புகிறவர் வேறு ஆளாக இருந்தால் அவருடைய சம்மதமும் வட்ஸ்அப்பில் எழுத்தாக வர வேண்டும். ஆனியிலிருந்து ஆவணி முடியும்வரை மலைநாட்டுப் பூவை மணமக்களின் மாலை, கைச்செண்டு, மேடையின் நடு ஆகிய மூன்று இடத்துக்கு மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன். தை, மாசி என்றால் கொஞ்சம் தாராளமாக எடுக்கலாம், இரவுக் குளிர் எங்கள் பக்கம் நிற்கும்.

பூ வந்து இறங்கியதும் தண்ணீரைக் கவனியுங்கள். எங்கள் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூடிய கடின நீர், பூத்தண்டு அதை விரும்பிக் குடிக்காது. ஒரு லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, சில துளி ப்ளீச் கலந்து வைத்தால் ரோசா கூடுதல் நாள் நிற்கும். வவுனியாப் பக்கத்தில் பல கிணறுகளில் புளோரைட் அதிகம். ஜெர்பராவுக்கு அது ஆகாது, இதழ் நுனி கருகும். அங்கே வேலை எடுத்தால் ஜெர்பராவுக்கு மட்டும் மழைத்தண்ணீரோ RO முறையில் புளோரைட் நீக்கின தண்ணீரோ பாவியுங்கள்.

பஸ்ஸில் அனுப்பச் சொல்வதை முழுக்க நிறுத்தவில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் கண்டியில் ஏற்றும்போது எங்கே வைக்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், முடிந்தால் ஒருநாள் முந்தியே எடுக்கிறேன். கடதாசிப் பெட்டிக்குப் பதில் மீன் ஏற்றும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் போடச் சொல்கிறேன், எஞ்சின் சூடு உள்ளே கெதியில் இறங்காது. மலைநாட்டில் அந்தப் பெட்டி இல்லையென்றால் நீங்களே முந்திய பஸ்ஸில் அனுப்பிவிடலாம். முல்லைத்தீவுக் கரையில் பாவித்த பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய்த் தோலால் தேய்த்து, நிழலில் காற்றாட வையுங்கள். அப்படியும் மீன் மணம் போகாத பெட்டி ஒன்றிரண்டு இருக்கும். அவற்றைத் தாமரைத் தண்டுக்கும் குருத்தோலைக்கும் ஒதுக்கிவிடுங்கள், மல்லிகைக்கு மட்டும் வேண்டாம்.